கூடத்துக் குருவிப் படம்

ஒரு வீட்டுக் கூடத்தில் பெரிய ஓவியம் ஒன்றை மாட்டினார்கள். வைக்கோல் போர், அதன் அடியில் சிந்திய நெல், மேலே ஒரு கூடு, கூட்டைச் சுற்றி ஐந்து சிட்டுக்குருவிகள். இறகுக்கு இறகு நிஜம் போலவே இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்த ஆண்குருவிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடி, நம்ம மேல இவங்களுக்கு எவ்வளவு பிரியம்! வாங்க, தங்குங்கன்னு சொல்லாம சொல்றாங்க."

"சிந்திக் கெடக்குற நெல்லு அப்படியே கெடக்கே. அதுங்க எதுவும் திங்கிறதில்லையா?" என்றது பெண்குருவி.

"உனக்கு எதுலயும் குத்தம்தான்."

பெண்குருவிக்கு முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்டது. வேறு இடம் தேட நாளில்லை. சாய்ந்து தொங்கிய அந்த ஓவியத்தின் பின்னாலேயே இரண்டும் கூடு கட்டி, மூன்று குஞ்சுகள் பொரித்துவிட்டன.

ஒருநாள் விருந்தாளி ஒருவர் ஓவியத்தின் முன் நின்று, "அடடா, குருவி கத்துற சத்தமே கேக்குற மாதிரி இருக்கே!" என்றார்.

"நெஜமாவே கேக்குது" என்று முகம் சுளித்தாள் வீட்டுக்காரி. ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து, ஓவியத்தில் கீறல் விழாமல் பின்பக்கம் பதமாகத் துழாவினாள். கூடு குஞ்சுகளோடு தரையில் விழுந்தது.

ஆண்குருவி ஜன்னலில் உட்கார்ந்து ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "தப்பு நம்ம மேலதான். அதுங்க எவ்வளவு அடக்கமா இருக்குதுங்க பாரு. நம்ம பிள்ளைங்கதான் ஓயாம கத்துச்சுங்க."

பெண்குருவி தரையைப் பார்த்தது.

"இப்போ கத்தலீங்க" என்றது.