பின் சீட்

முதல் வண்டியில், முதல் வளைவிலேயே, அவருடைய கை அவள் வலது தோளில் விழுந்தது.

ஒரு தட்டு.

ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் டீ. இருபது வருடம் அவர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து தட்டிய பாஷை அது. ஹெல்மெட்டுக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கிறது? டீ என்றாலும் மலை மேல் ஏரிக்கரை டீதான். அடிவாரத்து டீயை அவர் டீயிலேயே சேர்ப்பதில்லை.

இப்போது முன்னால் அவள்.

அவரை லாரி இடித்து, அவர் இடுப்பில் தகடு வைத்து, இரண்டு வருடம் ஆகிறது. இனி ஓட்டக் கூடாது, பின்னால் வேண்டுமானால் உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, நாற்பத்தெட்டு வயதில், அவள் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினாள். அவர் சிரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

இன்று காலையில்தான் வாயைத் திறந்தார்.

"மூணு வண்டியும் பாத்துடலாம். ஒண்ணும் சரிப்படலைன்னா வண்டி வாங்குற பேச்சை இதோட விட்டுடு."

விடுவதாவது.

ஏற்காடு அடிவாரத்தில், பழைய க்ரூஸர் மோட்டார் பைக்குகளை வாங்கி விற்கும் சகாயராஜின் கடை. இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வரை ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் முன் சீட்டில் ஏறி, கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவள் மூன்று வண்டியிலும் பின் சீட்டைத்தான் முதலில் அழுத்திப் பார்த்தாள்.

முதலாவது, காலை நீட்டி ஓட்டுகிற வண்டி. முன் சக்கரம் எங்கேயோ தள்ளி இருந்தது. நேர் ரோட்டில் சாய்வு நாற்காலி சுகம். வளைவில் அதெல்லாம் பறந்துவிட்டது. திரும்பு என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. கால்மிதி தார் ரோட்டில் உரச, எதிர்ப் பக்கம் வரை போய் வந்தாள்.

இரண்டாவது வளைவிலும் தட்டு விழுந்தது.

அடுத்தது குட்டையான வண்டி. தடித்த டயர், அகலமான ஹேண்டில்பார். அவள் பார்த்த பக்கமெல்லாம் அது போனது. அதை அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

பின் சீட் மட்டும் அப்பளம்.

ஒவ்வொரு குழியும் நேராக அவர் இடுப்புக்குப் போனது. அவர் தட்டவில்லை. அவர் விரல்கள் அவள் தோளை இறுக்கிப் பிடித்தவை, கீழே வரும் வரை விடவில்லை.

சாவியை சகாயராஜ் கையில் திணித்தாள். அழுகை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

மூன்றாவது எருமை.

இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் முதுகுக்குச் சாய்மானம், சோபா போல சீட். ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, இது ஆம்பளைங்களே திணறுற வண்டி" என்றான் சகாயராஜ்.

அவள் கிளட்சை விட்டாள்.

நகர்ந்ததும் கனமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குழி வந்தது. வண்டி அதைத் தானே விழுங்கிக்கொண்டது.

முதல் வளைவு. மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பி வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தாள். எருமை நிதானமாக, தன் கோட்டை விடாமல், அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் தோள் தட்டுக்காகக் காத்திருந்தது.

தட்டு விழவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் தொடை மேல். டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர் மாதிரி பள்ளத்தாக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வளைவு. அங்கேயும் ஒன்றும் இல்லை.

ஜெயித்துவிட்டாள். சத்தமாகச் சிரித்தாள். அது ஹெல்மெட்டுக்குள் அவளுக்கு மட்டும் கேட்டது.

அகலமான இடமாகப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். இனி வண்டியைத் திருப்ப வேண்டும். கீழே சகாயராஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அப்போது கை தோளில் விழுந்தது.

ஒரு தட்டு.

இவ்வளவு தூரம் வந்து, இப்போதா?

இன்னொரு தட்டு.

சகாயராஜிடம் மேலே போய் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏரிக்கரைக்கு இன்னும் பதினெட்டு வளைவுகள்.