அழ வைத்தவர்

"அந்தப் பிள்ளகிட்ட என்ன சார் சொன்னீங்க?"

தேயிலைச் சரிவில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இயக்குநர் ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த தேநீரை அவர் இன்னும் குடிக்கவில்லை. எதிரே பாதி மேக்கப்போடு சசிரேகா மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"பாப்பா, கொஞ்சம் உட்காரு..."

"பாப்பா இல்ல. எனக்கு இருபத்தெட்டு வயசு. அவ அப்பா செத்துட்டாருன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். ஆனா..."

"அதான! ஒங்க அசிஸ்டென்ட் தினேஸ்வரன் வந்து சொன்னப்ப நான் நம்பல. இந்தக் காலத்துலயும் எவன் இப்படிச் செய்வான்னு நெனச்சேன்."

கேமராவுக்கு அப்பால், ஆறு வயது சுபத்ரா ஒரு பாறைமேல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியிலிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளை. இந்தத் தொலைக்காட்சி நாடகத்தில் சசிரேகாவின் மகளாக நடிக்கிறாள். அவள் அழ வேண்டிய காட்சி ஒன்று காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் இதேதான செஞ்சீங்க! ஏழு வயசு. கம்போங் ராஜாவுல ஷூட்டிங். 'ஒங்கம்மா ரோட்டுல காடி மோதிச் செத்துட்டாங்க'ன்னு காதுல சொன்னீங்க. நான் மண்ணுல உருண்டு கத்துனேன். ஷாட் முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனீங்க. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்க."

"அந்த ஒரு காட்சியிலதான் நாடே ஒன்னத் தெரிஞ்சுக்கிச்சு."

"தெரிஞ்சுகிட்டு என்ன புண்ணியம்? பதிமூணு வயசுல கொஞ்சம் வளந்ததும் ஒருத்தர் கூப்பிடல. 'மூஞ்சி மாறிப் போச்சு'ன்னு சொன்னதே நீங்கதான். பத்து வருசம் அடுத்தவளுக்குக் கொரல் குடுத்தேன். கல்யாண மண்டபத்துல மைக் புடிச்சேன். இந்த வேசம் கெடைக்க எத்தன ஆபீஸ் படி ஏறுனேன் தெரியுமா? அது போவட்டும். இன்னிக்கு வரைக்கும் அம்மா போன் எடுக்கலன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுறேன் சார்!"

ராதாகிருஷ்ணன் எழுந்தார். "ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளு. அந்தப் பிள்ள..."

"வாயத் தொறக்காதீங்க! இந்த வேசம் போனா போவட்டும் லா. அவகிட்ட நான் உண்மையச் சொல்றேன்."

"போவாத, சசி!"

அவள் சரிவில் இறங்கி ஓடினாள். ஈரமண்ணில் கால் வழுக்கியது. சுபத்ராவின் முன்னால் மண்டியிட்டு, குளிரில் விறைத்திருந்த அந்தச் சின்னக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சுபத்ரா, அக்காவப் பாரு. அந்த அங்கிள் சொன்னது பொய். ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. இப்பதான் கொழுந்து லோரிகிட்ட நின்னாரு. நானே பாத்தேன்."

சுபத்ரா அவளையே உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவா அக்கா?"

"சத்தியமா."

"அப்ப... சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரா?"

"வராம? கண்டிப்பா வருவாரு."

பிள்ளையின் உதடு கோணியது. இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். பக்கத்துச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சசிரேகா அவளை வாரி அணைத்துக்கொண்டு, பின்னாலேயே இறங்கி வந்த ராதாகிருஷ்ணனைப் பார்த்துச் சீறினாள். "பாத்தீங்களா! எவ்வளவு நேரமா மனசுல அடக்கி வெச்சிருந்திருக்கு! மனுசனா சார் நீங்க?"

கேமராமேனின் கை கேமராவை நோக்கிப் போனது. ராதாகிருஷ்ணன் வேண்டாம் என்று கையசைத்துத் தடுத்தார்.

"அதத்தான் சொல்ல வந்தேன், சசி. அவங்கப்பா செத்துட்டாருன்னு நான் சொன்னப்ப அது அழுவல. சிரிச்சிச்சு."