பெரிய டயர்

டயரின் பள்ளத்துக்குள் ரத்தினம் விரலை விட்டுப் பார்த்தான்.

முதல் கணுவரை உள்ளே போனது.

இதைவிட ஆழமானது இருக்கிறதா என்று கேட்டான்.

கடைக்காரர் ஜெயசீலன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். இன்னொரு டயர் உருண்டு வந்தது. ஏற்கெனவே வந்தவை சுவரோரம் சாய்ந்து கிடந்தன.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மனைவி வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். அவள் டயர்களைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆத்தூரில் வெயில் அடித்தது. தூரத்தில் கல்வராயன் மலைமேல் மட்டும் கருமேகம் இறங்கியிருந்தது.

ரத்தினம் அதை அடிக்கடி நிமிர்ந்து பார்த்தான்.

அந்த மேகத்துக்குள்தான் அவர்கள் ஊர். ஊருக்கு இருக்கும் ஒரே பிக்கப் அவனுடையது. மரவள்ளிக்கிழங்கு இறங்குவதும் அரிசி ஏறுவதும் அதில்தான்.

போன மழைக்காலத்தில் பிரசவ வலியோடு அவளை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, ஓடையைத் தாண்டியதும் வண்டி சேற்றில் புதைந்தது. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெண் குழந்தை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான். டயரில் பட்டன் தேய்ந்து பள்ளமே இல்லாமல் வழவழவென்று ஆகியிருந்தது. வீல் ஒரு சைஸ் பெரிதாக இருந்திருந்தால் வண்டி ஏறியிருக்கும்.

அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வெண்ணிலா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவர்கள் கடைக்கு வந்ததும் ஜெயசீலன் முதலில் அலாய் வீல்களைக் காட்டியிருந்தார். கண்ணாடிபோல மின்னின. மலைப்பாதைக்கு ஆகுமா என்று கேட்டதும் அவரே வேண்டாம் என்றார். கல்லில் அடித்தால் விரிசல் விடும். இரும்பு ரிம் என்றால் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

அகலமான கறுப்பு ரிம் ஒன்றை ரத்தினம் தேர்ந்தெடுத்தான்.

டயருக்குத்தான் நேரம் பிடித்தது. அவன் கைவைத்ததெல்லாம் பெரிய சைஸாகவே இருந்தது. இவ்வளவு பெரிது போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும், மட்கார்டின் ஓரத்தை வெட்ட வேண்டிவரும் என்று ஜெயசீலன் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ரத்தினம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

சேற்றில் மாட்டாதல்லவா என்று மட்டும் கேட்டான்.

சேற்றுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றார் அவர்.

ரத்தினத்தின் முகம் இறுகியது. மாட்டாது என்று சொல்லுங்கள் என்றான். குரல் உயரவில்லை. டயரைப் பிடித்திருந்த கையை மட்டும் அவன் எடுக்கவில்லை.

ஜெயசீலன் நாற்காலியின் பக்கம் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

நல்ல டயர்தான் என்றார்.

ஜாக்கி ஏறியது. பழைய வீல்கள் கழன்றன. மட்கார்டின் ஓரத்தை வெட்டும்போது பொறி பறந்தது. வெண்ணிலா புடவைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டாள்.

வேலை முடிந்து வண்டி தரையிறங்கியதும் ரத்தினம் இன்ஜினைக் கிளப்பினான். ஸ்டீயரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்தான். வலதுபக்கம் ஒடித்தான். டயர் எங்கும் உரசவில்லை.

மாதக்கணக்கில் இல்லாத ஒரு சிரிப்பு அவன் முகத்தில் வந்தது.

எட்டி இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். மழைக்கு முன் ஊர் போய்விடலாம். வலி வந்தால் இனிப் பயமில்லை.

அவள் மெதுவாக எழுந்து வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள்.

படி எட்டவில்லை.

வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினாள். கால் பாதியிலேயே இறங்கியது.

ரத்தினம் குதித்து ஓடிவந்தான். கடையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டான். அவள் ஏறவில்லை. குனிந்து அவளைத் தூக்கப் போனான்.

அவள் அவன் கையை எடுத்துவிட்டாள்.

"அன்னிக்கு டயருனால ஒண்ணும் ஆகல."

அவன் நிமிர்ந்தான்.

"தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆளக் கூட்டியாங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். கூப்புடு தூரத்துல ஊரு இருந்துச்சு. நீங்க வீல விட்டு வரவே இல்ல."

அவள் அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

ஜெயசீலன் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

ரத்தினத்தின் பார்வை பழக்கத்தில் வீலுக்குப் போனது. அங்கிருந்து அதைப் பிடுங்கி எடுக்க அவனுக்குச் சற்று நேரம் ஆனது.

ஒவ்வொரு முறை வீல் சுற்றியபோதும், இதோ ஏறிவிடும், இதோ ஏறிவிடும் என்றுதான் அன்று அவன் நினைத்தான்.

வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய், ஜன்னல் வழியே கையை விட்டு இன்ஜினை அணைத்தான்.

சாலையின் இரைச்சல் திடீரென்று பக்கத்தில் கேட்டது.

பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை கிடைக்குமா என்று ஜெயசீலனிடம் கேட்டான். இன்றைக்கே வேண்டும்.

பின்தெருவில் தன் மச்சினர் வீட்டில் ஒன்று காலியாக இருக்கிறது என்றார் அவர். எத்தனை பேருக்கு என்று கேட்டார்.

ரத்தினம் அவளைப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். வீங்கிய பாதத்தைத் தேய்த்துவிட்டாள்.

பிறகு கடைக்காரரிடம் சொன்னாள்.

"மூணு பேருக்கு."