வாசலில் திரும்பி நிற்பவர்

அமரில்லோ ஊர்க்கோடித் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு கைத்துப்பாக்கிகள் படுத்திருக்கின்றன. ஒன்று எஃகு, செங்கல்லாய்க் கனக்கிறது. மற்றது சிறியது, அலுமினியம், மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுக்குத்தான் எடை. சாயங்கால வெயில் இரண்டின்மேலும் ஒரேமாதிரி விழுகிறது. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்லிஸ் விரல் மூட்டுகளைத் தடவியபடி நிற்கிறார். பின்பக்கச் சுடுதளத்தில் இரண்டையும் சுட்டுப் பார்த்தாயிற்று. கனமானதில் குண்டுகள் நடுவட்டத்திலேயே விழுந்தன. லேசானது உதைத்த உதையில் மூட்டுகள் இன்னும் வலிக்கின்றன.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அந்தக் குட்டிப் பிசாசு உங்க மூட்டுவாதம் புடிச்ச கைய ஒடிச்சுப் போட்டுடும்," என்கிறாள் கடைக்காரி லுவான்.

"பெருசு சட்டைக்குள்ள துருத்திக்கிட்டு நிக்குமேம்மா."

"கிளம்புறப்ப முதுகைக் காட்டி நில்லுங்க. வீட்டுல பார்த்துச் சொல்லிட்டுப் போறாங்க."

"முப்பது வருஷம் எம்பொண்டாட்டிதான் சொன்னா. 'பின்னாடி வால் முளைச்சிருக்கு, உள்ள போய்யா'ம்பா." சிரிக்கிறார். சிரிப்பு சட்டென்று நிற்கிறது. கை லேசான துப்பாக்கியை நோக்கி நகர்கிறது. "இப்ப சொல்ல ஆள் இல்ல. இதுவே போதும்."

லுவான் கனமானதைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று காட்டி, உறையோடு அவர் பக்கம் தள்ளுகிறாள். ஆர்லிஸ் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். அங்கே முதுகைக் காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"தெரியுதா?"

"லேசா. சட்டைய இழுத்து விடுங்க."

இழுத்து விடுகிறார்.

"இப்ப தெரியல சார்."

அவர் திரும்பவில்லை. அப்படியே நிற்கிறார்.