மூன்று வருஷம் தாங்குமா?

"வாத்தியாருங்களுக்கு எந்தத் தேதியில சம்பளம் போடுறீங்க?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். கல்லூரியில் அவரை எல்லோரும் 'அட்மிஷன் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அதே மேசை. விடுதிச் சாப்பாடு எப்படி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, இதைத் தாண்டி யாரும் கேட்டதில்லை. இந்த மனிதரோ எடுத்த எடுப்பிலேயே சம்பளத்தில் கை வைக்கிறார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஃபைலோடு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணாம் தேதி," என்றார் மேடம். மனசு கேட்கவில்லை. "போன வருஷம் மட்டும் ரெண்டு மாசம் பத்தாம் தேதி ஆயிடுச்சு."

அந்த உண்மை வந்தவருக்குப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று வருஷத்தில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? நூலகத்துக்குக் கடைசியாகப் புத்தகம் வாங்கியது எப்போது? புதுக் கட்டடம் கடனில் எழும்புகிறதா, கையிருப்பிலா? வக்கீல்கூட இப்படிக் குடையமாட்டார்.

"சார், நீங்க ஆடிட்டரா?" என்று கேட்டேவிட்டார் மேடம்.

வந்தவர் சிரிக்கவில்லை. "பாதியில மூடிட்டீங்கன்னா என் பிள்ளை நடுத்தெருவுல நிக்கும். அதனாலதான் கேக்கறேன்."

மேடத்துக்கு என்னவோ போலாகிவிட்டது. அலமாரியைத் திறந்து, ஆண்டறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்க. கடன் ஒண்ணும் கிடையாது. ஆனா இந்த வருஷம் பாதி வகுப்பு காலியாக் கிடக்கு. இப்படியே போனா ரெண்டு பாடப்பிரிவை நிறுத்தத்தான் வேணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலையிலிருந்து வந்த ஒரே ஆள். அதையும் வாயாலேயே கெடுத்தாயிற்று.

வந்தவர் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தார். இரண்டு இடத்தில் திரும்பப் போய்ப் பார்த்தார். மூடி வைத்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இருக்கிறதை மறைக்காமச் சொல்றீங்க. மூணு வருஷம் தாங்கும்னு எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. சேர்த்துக்கோங்க."

மேடத்தால் தன் காதையே நம்ப முடியவில்லை. மனசு மாறுவதற்குள் விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். போன உயிர் வந்ததும் கூடவே கிண்டலும் வந்துவிட்டது.

"ஒரு பிள்ளையைச் சேர்க்கவே இந்தப் பாடு படுத்திட்டீங்களே சார். மொத்தம் எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?"

"நாற்பத்தோரு பேர்."

பேனா அப்படியே நின்றது.

அதுவரை பேசாமல் இருந்த பெண் சட்டென்று எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"பிரின்சிபால் சார், பஸ்ல எல்லாரும் பயந்துபோய் உட்கார்ந்திருக்காங்க. நம்ம காலேஜை மூடிட்டாலும் நம்ம படிப்பு நிக்காதுன்னு நான் போய்ச் சொல்லட்டுமா?"