அம்மாவுக்கும் ஓர்ரிக்கும் இடையில்

ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகர வம்சாவளி அலுவலகத்துக்காக ரக்னா பெர்ல் மொழியில் எழுதிய கணினி நிரல், இரண்டு பேரின் பதிவுகளுக்கு இடையே மிகக் குறுகிய உறவு வழியைக் கண்டுபிடிக்கும். காதலிக்கத் தொடங்கும் முன், தாங்கள் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று ஊரில் எல்லாரும் அதில் பார்த்துக்கொள்வார்கள்.

காலையில் வந்ததும், விடை தெரிந்த ஒரு ஜோடியைக் கொடுத்து நிரலைச் சரிபார்ப்பது அவள் வழக்கம். அம்மாவும் தம்பி ஓர்ரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் தூரம் ஒன்று.

இலையுதிர் காலத்தில் கடலுக்குப் போன ஓர்ரியின் படகு திரும்பவில்லை. அவன் பதிவில் இறந்த தேதியைப் போடாதே என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். நேற்று ரக்னா போட்டுவிட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இன்று விடை பூஜ்யம் என்று வந்தது. ஒருவரின் பெயரையே இரண்டு முறை கொடுத்தால்தான் பூஜ்யம் வரும்.

"உன் புரோகிராமுக்கு இன்னும் தூக்கம் தெளியல போல," என்றான் பக்கத்து மேசை டாகுர். "ஒரு காப்பி ஊத்திப் பாரேன்."

ரக்னா சிரித்தாள். பிறகு அம்மாவின் பெயரையும் தன் பெயரையும் கொடுத்தாள். வழி இல்லை என்று வந்தது. பதிவுகளைத் திறந்து பார்த்தாள். எல்லா இணைப்புகளும் அப்படியே இருந்தன.

திட்டினாலும் பரவாயில்லை, அம்மா ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று நினைத்தபடி மாலையில் வீட்டுக்குப் போனாள். அம்மா ஓர்ரியின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீன் வேகவைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"மழையில நிக்காத, உள்ள வாம்மா," என்றாள் அன்பாக. "யார் வீட்டுப் பொண்ணு நீ?"