ஏடனில் கொட்டிய பனி

“அட, நம்ம உலகம் சுத்துன தேவதாஸ் ஐயா!” என்று பொன்னுதுரை மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தபோதே, போச்சுடா என்று நினைத்தேன்.

காஜா பெராங் பள்ளிக்கூடத்தில் குடியுரிமைப் பதிவு. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா முடிந்து மூன்று மாதம். இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசை பிடித்து, நானும் என் வீட்டுக்காரரும் ஒருவழியாக மேசைக்கு வந்திருந்தோம். அதிகாரி மலாய்க்காரர். நம்மவர்களுக்கு ஃபாரம் எழுதவும் சொன்னதை மலாயில் எடுத்துச் சொல்லவும் இந்தப் பொன்னுதுரை.

சட்டத்தில் எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான். எட்டு வருஷம் இந்த மண்ணில் இருந்திருந்தால் காகிதம் கிடைக்கும்.

நாங்கள் கப்பல் இறங்கி ஒன்பதரை வருஷம். தாராளம்.

பொன்னுதுரை விட்டால்தானே? சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி அதிகாரியிடம் திரும்பினார். இவர்கள் இரண்டு வருஷம் வெளிநாடெல்லாம் பார்த்தவர்கள், கொழும்பு, பம்பாய், ஏடன், லண்டன், கோயில் மண்டபத்தில் இவர் பேசியபோது நான் முன்வரிசையில் இருந்தேன் என்று மலாயில் கொட்டித் தீர்த்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். விரலை மடக்கினார்.

ஒன்பதரையில் இரண்டு போனால் ஏழரை. அந்த எண் நம்மவர்களை என்றைக்கு வாழவிட்டது?

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு என் வீட்டுக்காரர் பேசியது, பேச்சு என்றால் அது பேச்சு. லாட்டரியில் பணம் விழுந்து, தம்பதி சமேதராக உலகம் சுற்றப் போகிறோம் என்று கிளம்பியபோது ஊரே மாலை போட்டு அனுப்பியது. திரும்பி வந்தால் கதை சொல்ல வேண்டாமா? சொன்னார்.

கொழும்புக் கடற்கரையில் அலை வந்து என் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனதாம். பம்பாயில் என்னைத் தொலைத்துவிட்டு மூன்று மணி நேரம் தேடினாராம். பிரைட்டன் என்று ஓர் ஊராம், அங்கே கடற்கரைக்கு மணல் போட வக்கில்லாமல் வெள்ளைக்காரன் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறானாம். ஏடனில் பனி கொட்டியதாம்.

ஏடனில்! அரேபியப் பாலைவனத்து ஊரில்! ஒரு ஆள் கேள்வி கேட்கவில்லை. நானும் பட்டுப்புடவையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பொன்னுதுரைக்கு இப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப் போய், மேசைமேல் சாய்ந்து கெஞ்சினார். “ஐயா, ரெண்டு வருஷமும் வெளியிலதான் இருந்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க லா.”

சொல்லித் தொலையும் மனுஷா, இங்கேதான் இருந்தோம் என்று சொல்லும். காகிதம் இல்லாமல் போய், நாளைக்கு நாட்டை விட்டுப் போ என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? ஊரில் எனக்கு ஒரு நாதி கிடையாது. என் வீடு இங்கே, என் முறுக்குச் சட்டி இங்கே. காஜா பெராங்கில் பாதி வீட்டில் என் முறுக்கைத்தான் கடிக்கிறார்கள்.

அவர் என் பக்கமே திரும்பவில்லை. “ஆமா. ரெண்டு வருஷமும் வெளிநாடுதான்.”

வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். போகாத ஊருக்காக இருக்கிற ஊரை விடுகிற பைத்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பின்னால் நின்றவர்கள் காதில் விழாமல் மேசைமேல் குனிந்தேன்.

“பொய் தம்பி. நாங்க எங்கேயும் போகல. கிள்ளான் துறைமுகத்துல கப்பல் டாக்டர் என் நெஞ்சுல குழாயை வச்சுப் பார்த்தாரு, ஏறக்கூடாதுன்னுட்டாரு. எனக்குக் காசம். இவர் மட்டும் போகலாம்னாங்க. டிக்கெட்டைக் கடல்ல வீசிட்டு என்கூடவே நின்னுட்டாரு. ரெண்டு வருஷம் நான் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இவரு எதுத்தாப்புல காப்பிக் கடையில கோப்பை கழுவுனாரு. முழுசா சுகமாயிட்டுன்னு எழுதிக் குடுத்துத்தான் அனுப்புனாங்க. ஆனா சனம் நம்புமா? நாளைக்கு என் கையால நாலு பேரு வாங்கித் திங்கணுமேன்னு இவரு கட்டுன கதைதான் அத்தனையும்.”

“ஏன்டி சொன்னே?” என்றார் என் வீட்டுக்காரர். உலகம் சுற்றிய மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னுதுரை என்னையே பார்த்தார். அவர் மனைவி கோகிலா முந்தாநாள்தான் ஒரு டின் முறுக்கு வாங்கிப் போயிருந்தாள். வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதுதான் ஓடியிருக்கும்.

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார்.

எனக்கு மலாய் மார்க்கெட்டுக்குப் போதுமான அளவு புரியும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

பொன்னுதுரை “துவான்” என்று அதிகாரியை மரியாதையாக அழைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கேயும் போகவில்லையாம் துவான், கோலாலம்பூரில் காப்பிக் கடையில் கோப்பை கழுவினாராம், இந்த ஆள் சுத்தப் புளுகன் என்றார்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தவர், சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்த அம்மா அவ்வளவு நேரம் பேசினாளே, இவ்வளவுதானா என்று கேட்டார்.

“மிச்சமெல்லாம் புருஷனுக்கு விழுந்த திட்டு, துவான்,” என்றார் பொன்னுதுரை.

முத்திரை விழுந்தது.